பேட் பிரிண்டிங்குக்கு இங்க் கப் தேர்ந்தெடுப்பது எப்படி: அளவு, ரிங், காந்தம், பிளேட் வரை முழுமையான வழிகாட்டி

ராணிப்பேட்டை சிப்காட்டிலும் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு வட்டாரத்திலும் ஷூ கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் எடுப்பவர்கள் பேட் பிரிண்டிங் (சிலிக்கான் பேடால் மையை எடுத்துப் பொருளின் மேல் பதிக்கும் அச்சு) மெஷின் வாங்கும்போது இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள். எத்தனை கலர் போகும்? மணிக்கு எத்தனை பீஸ் வரும்? மையை வைத்துக்கொள்ளும் இங்க் கப்பைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மெஷினோடு சேர்ந்து வரும் சாமான், அவ்வளவுதான் என்று விட்டுவிடுகிறார்கள்.

நானும் அப்படித்தான் விட்டேன். 70 மி.மீ. கப் போட்ட மெஷின் வந்து இறங்கிய மூன்றாவது வாரம், லேடீஸ் செருப்பின் சாக்ஸில் அடிக்க 75 மி.மீ. நீள லோகோ வந்தது. (வெளியூர்க்காரர்களுக்கு: இங்கே சாக்ஸ் என்றால் காலில் போடுவது இல்லை. ஷூவுக்குள், பாதம் படும் இடத்தில் ஒட்டும் லெதர் துண்டு. பிராண்டு பெயர் அதில்தான் அடிப்பார்கள்.) கப்பை மட்டும் பெரிதாக மாற்றலாம் என்று பார்த்தால் பிளேட்டை (எழுத்து குழிந்திருக்கும் தகடு) பிடிக்கும் ஹோல்டரின் அகலம் பத்தவில்லை. ஆர்டரைத் திருப்பிக் கொடுத்தேன். ஆகவே இந்த வழிகாட்டி தலைகீழ் வரிசையில் போகும். முதலில் அடிக்க வேண்டிய வேலை, அப்புறம் கப்பும் அதற்கேற்ற பிளேட்டும், கடைசியில்தான் மெஷின்.

கப் என்ன வேலை செய்கிறது

பழைய மெஷின்களில் மை ஒரு திறந்த தட்டில் கிடக்கும். ஒரு பட்டை மையைப் பிளேட்டின் மேல் இழுத்துவிடும், பின்னால் வரும் பிளேடு வழித்துவிடும். பிளேட்டில் குழிந்திருக்கும் எழுத்துக்குள் மட்டும் மை தங்கும். சிலிக்கான் பேட் இறங்கி அந்த மையை எடுத்துப் பொருளின் மேல் வைக்கும்.

இங்க் கப் இந்தத் தட்டையும் பிளேடையும் ஒன்றாக்கிவிட்டது. கவிழ்த்து வைத்த டம்ளர் போல மையை உள்ளே வைத்துக்கொண்டு பிளேட்டின் மேல் வழுக்கிப் போய் வருகிறது. அதன் வாய் விளிம்பில் இருக்கும் ரிங்தான் பிளேடு. மூடிய பாத்திரம் என்பதால் தின்னர் ஆவியாகிப் போவது குறைவு, வாடையும் குறைவு. காலையில் கலந்த மை மாலை வரை ஏறக்குறைய அதே பதத்தில் நிற்கிறது. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் மாதிரி ஊரில் திறந்த தட்டு வைத்து வேலை பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அரை மணிக்கு ஒரு தடவை தின்னர் ஊற்றி ஊற்றி, மதியத்துக்குள் காலையில் அடித்த கறுப்பும் இப்போது அடிக்கும் கறுப்பும் வேறு வேறாகிவிடும்.

நீளமான படங்களுக்கு, உதாரணமாக 30 செ.மீ. ஸ்கேலில் அடிக்கும் அளவுக் கோடுகளுக்கு, திறந்த தட்டு இன்னும் தேவைப்படுகிறது. ஷூ வேலைக்கு அது வேண்டாம்.

முதல் படி: வேலையை அளந்து எழுதுங்கள்

ஒரு நோட்டு எடுத்து, கடந்த ஆறு மாதத்தில் வந்த அல்லது வரப்போகிற வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் படத்தின் நீளம், அகலம், எத்தனை கலர், எந்தப் பொருள், எத்தனை ஜோடி. சாக்ஸ் லெதரா, பியூ (பாலியூரித்தேன்) ஷீட்டா, ஈவிஏ என்ற நுரைப் பொருளா? சோலில் சைஸ் நம்பர் அடிக்க வேண்டுமா? எழுத்து எவ்வளவு பொடிசு? இந்த நோட்டு இல்லாமல் சப்ளையரிடம் போனால், அவரிடம் ஸ்டாக்கில் இருக்கும் கப்தான் உங்களுக்கு ஏற்ற கப் ஆகிவிடும்.

இரண்டாம் படி: கப் அளவு

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 90 மி.மீ. கப் என்றால் 90 மி.மீ. படம் அடிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. அது கப்பின் வெளி விட்டம். ரிங்கின் தடிமன் போக, ஓரத்தில் கொஞ்சம் பாதுகாப்பு இடம் விட்டால், 90 மி.மீ. கப்பில் சுமார் 80 மி.மீ. வட்டத்துக்குள் அடங்கும் படம்தான் நிம்மதியாக வரும். பொதுவாக வெளி விட்டத்தில் 10 முதல் 15 மி.மீ. கழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, வட்டத்துக்குள் படம் அடங்க வேண்டும் என்பதால் நீளத்தை மட்டும் பார்க்கக் கூடாது. மூலைக்கு மூலை அளக்க வேண்டும். 75 மி.மீ. நீளம், 25 மி.மீ. அகலம் உள்ள லோகோவுக்கு மூலைவிட்டம் 79 மி.மீ. அதாவது 90 மி.மீ. கப்பில் ஒட்டி உட்காரும். 60-க்கு 60 சதுர முத்திரை என்றால் பார்க்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் அதன் மூலைவிட்டம் 85 மி.மீ., அதே கப்பில் போகாது. பேப்பரில் லோகோவை நிஜ அளவில் பிரிண்ட் எடுத்து, காம்பஸால் வட்டம் போட்டுப் பாருங்கள். கணக்கே வேண்டாம்.

படம் வட்டத்தை மீறினால் என்ன ஆகும்? கப் படத்தின் மேல் நிற்கும்போது ரிங், குழிந்த எழுத்தின் மேலேயே உட்கார்ந்துவிடும். அந்தக் குழி வழியாக மை வெளியே கசியும். மூன்றாவது நாள் பிளேட் ஹோல்டர் முழுக்க மை.

சரி, அப்படியானால் எதற்கும் இருக்கட்டும் என்று 130 மி.மீ. வாங்கிவிடலாமா? வேலை இருந்தால் வாங்கலாம், இல்லையென்றால் அது காசைக் கரைக்கும் வழி. 90 மி.மீ. வட்டத்தின் பரப்பு சுமார் 64 சதுர செ.மீ., 130 மி.மீ. வட்டத்துக்குச் சுமார் 133. ஒரே உயரத்துக்கு மை ஊற்ற இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். எதுவும் கலக்காத ஒற்றை மையாக இருந்தால் மீதியை டப்பாவில் ஊற்றி வைக்கலாம். ஹார்டனர் (மையை இறுகவைக்கும் திரவம்) கலந்த மையாக இருந்தால் எட்டு மணி நேரம் போல வேலை செய்யும், மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். ஒரு நாளில் நாலு கலர் மாற்றும் ஜாப் ஒர்க்காரருக்கு இந்த நஷ்டம் மாதக் கடைசியில் நன்றாகவே தெரியும்.

என் அனுபவத்தில் சாக்ஸ் வேலைக்கு 90 மி.மீ. கப்தான் முக்கால்வாசி வேலையைச் செய்கிறது. சைஸ் நம்பருக்கு 60, 70 போதும். இடது கால், வலது கால் இரண்டையும் ஒரே அடியில் அடிக்க நினைப்பவர்கள் ஒரு பெரிய கப்புக்குப் பதில் இரண்டு சின்ன கப் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் மெஷினைப் பார்ப்பது நல்லது.

மூன்றாம் படி: ரிங்

கப்பின் மற்ற பாகமெல்லாம் வெறும் பாத்திரம். வேலை செய்வது ரிங். பிளேட்டில் எழுத்தின் ஆழம் 20 முதல் 30 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். அந்தக் குழியில் மையை விட்டுவிட்டு மேலே இருப்பதை மட்டும் சுத்தமாக வழிக்க வேண்டும் என்றால் விளிம்பு எவ்வளவு நேர்த்தியாக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சின்னத் தெறிப்பு, பிளேட் நெடுகக் கோடாக விழும். அந்தக் கோட்டைப் பேட் அப்படியே தூக்கி வெள்ளை லெதரில் வைக்கும்.

மூன்று வகை கிடைக்கிறது.

செராமிக் ரிங் மிகக் கடினம், துருப் பிடிக்காது, எந்த மையோடும் ஒத்துப்போகும், நீண்ட நாள் உழைக்கும். சிலவற்றில் இரண்டு பக்கமும் விளிம்பு இருக்கும், ஒன்று தேய்ந்தால் திருப்பிப் போடலாம். ஒரே பலவீனம், கீழே விழுந்தால் போச்சு. எங்கள் யூனிட்டில் தரை கடப்பா கல். கழுவும்போது கை வழுக்கி இடுப்பு உயரத்திலிருந்து விழுந்த செராமிக் ரிங் ஒன்றை இன்னும் மேசையில் வைத்திருக்கிறேன், புதுப் பையன்களுக்குக் காட்ட. அதற்குப் பிறகு கழுவும் இடத்தில் ரப்பர் பாய் போட்டுவிட்டோம்.

கார்பைடு ரிங்கும் கடினம், செராமிக் அளவுக்கு உடையாது, தேய்ந்தால் நல்ல கடையில் லேப்பிங் (நுண்ணிய பொடியால் தேய்த்துச் சமன் செய்வது) செய்து மறுபடி கூர் ஏற்றலாம். கொஞ்சம் முரட்டுத்தனமான கைகள் புழங்கும் இடத்துக்கு இது தோது.

ஸ்டீல் ரிங் விலை குறைவு. தேய்வும் சீக்கிரம், கவனிக்காவிட்டால் துருவும் வரும். ஆண்டுக்கு ஒரு சில ஆயிரம் பீஸ் மட்டும் அடிப்பவருக்குப் பரவாயில்லை. ஷூ கம்பெனி வேலை எடுப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

எதை வாங்கினாலும் ஸ்பேர் ரிங் ஒன்று சேர்த்து வாங்குங்கள். ஷிப்மென்ட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் ரிங் உடையும்.

நான்காம் படி: கப்பைப் பிளேட்டோடு பிடித்து வைப்பது எது

பெரும்பாலான சின்ன மெஷின்களில் காந்தம்தான் பிடிக்கிறது. கப்புக்குள் காந்தம் இருக்கும், அல்லது பிளேட்டுக்குக் கீழே இருக்கும். வேறு சிலவற்றில் மேலிருந்து ஸ்பிரிங்கோ மெஷினின் கையோ அழுத்தும்.

காந்தம் என்றால் பிடிப்பு தானாகவே சமமாகப் பரவும், செட்டிங் தொல்லை இல்லை. ஆனால் பிடிப்பைக் கூட்டவோ குறைக்கவோ வழி கிடையாது. பலம் அதிகமாக இருந்தால் பிளேட் சீக்கிரம் தேயும், குறைவாக இருந்தால் வழிப்பு சரியாக இருக்காது. கப் 90-லிருந்து 130 ஆனால் விளிம்பின் சுற்றளவு 283 மி.மீ.-லிருந்து 408 மி.மீ. ஆகிறது. அத்தனை நீளத்துக்கும் அழுத்தம் பத்த வேண்டும். சின்ன கப்பின் காந்தத்தையே பெரிய கப்பில் போட்டு விற்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

அழுத்தும் வகையில் பிடிப்பை மாற்றிக்கொள்ளலாம். அதே காரணத்தால், தெரியாத ஆள் திருகித் திருகிப் பிளேட்டைக் கெடுக்கவும் வழி இருக்கிறது.

காந்தக் கப்பைக் கையாள்வதில் இரண்டு விஷயம். இரண்டு கப்பைப் பக்கத்தில் வைத்தால் சட்டென்று ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும், நடுவில் விரல் இருந்தால் நசுங்கும், ரிங் இருந்தால் தெறிக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் இந்தக் கப்புகளைத் தொடவே கூடாது. இன்னொன்று, ஒட்டிப்போன மையை இளக்க வேண்டும் என்று கப்பைச் சூடான ஓவன் அடுப்பில் வைக்காதீர்கள். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினால் பலம் இழக்கும், திரும்ப வராது.

ஐந்தாம் படி: பிளேட்டோடு பொருத்தம்

மூன்று வகைப் பிளேட் உண்டு. பாலிமர் (பிளாஸ்டிக் பூச்சு) பிளேட்டை நீங்களே ஒளி காட்டி எக்ஸ்போஸ் செய்து கழுவி எடுக்கலாம், பத்தாயிரக்கணக்கில் அடிக்கலாம். மெல்லிய ஸ்டீல் பிளேட் அரை மி.மீ. தடிமன், பாலிமரைவிட அதிகம் தாங்கும். 10 மி.மீ. தடிமனான ஸ்டீல் பிளேட் அதற்கும் மேல். சீசனுக்குச் சீசன் லோகோ மாறும் ஷூ வேலைக்குப் பாலிமரோ மெல்லிய ஸ்டீலோ போதும். பத்து வருடம் மாறாத சைஸ் நம்பருக்குத் தடிமன் பிளேட் போடலாம்.

கப் வாங்கும் முன் சப்ளையரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ரிங்கை நான் போடும் பிளேட்டில் ஓட்டலாமா? காந்தம் பிடிக்கப் பாலிமருக்குக் கீழே ஸ்டீல் தகடு இருக்கிறதா? பிளேட்டின் நீளம் எவ்வளவு? நீளம் ஏன் முக்கியம் என்றால், பேட் இறங்கும்போது கப் முழுசாகப் படத்தை விட்டு விலகி நிற்க இடம் வேண்டும். 90 மி.மீ. கப்புக்கு 100-க்கு 250 அளவுப் பிளேட் பரவலாகப் புழங்குகிறது. இந்த அளவு எங்கும் கிடைக்கும். வேறு யாரும் விற்காத விசித்திர அளவில் பிளேட் கேட்கும் மெஷின் என்றால் ஆயுசுக்கும் அந்த ஒரே கடையில்தான் நிற்க வேண்டும்.

பட்டையான, பெரிய நிரப்பு உள்ள லோகோவுக்குப் பிளேட் செய்யும்போது ஸ்கிரீன் புள்ளி (குழியைச் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரிப்பது) போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நடுவில் மை சரியாக நிற்காது, படம் திட்டுத் திட்டாக வரும். ரிங்கைக் குறை சொல்வீர்கள், தப்பு பிளேட்டில் இருக்கும். கறுப்பு லெதரில் வெள்ளை அடிப்பவர்கள் ஆழத்தைக் கண்டபடி கூட்டுவதைவிட இரண்டு அடி அடிப்பது மேல்.

ஆறாம் படி: கப்பின் உடம்பும் சீலும்

கப்பின் உடம்பு அனடைஸ் செய்த அலுமினியமோ நல்ல எஞ்சினியரிங் பிளாஸ்டிக்கோ இருக்கலாம், இரண்டும் உழைக்கும். பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் ஓ-ரிங், அதாவது கசிவை அடைக்கும் ரப்பர் வளையம். நம் தின்னர்களில் சைக்ளோஹெக்சனோன் மாதிரி கீட்டோன் வகை இருப்பது சகஜம். சாதாரண நைட்ரைல் ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும், அப்புறம் ரிங் கோணலாக உட்காரும். விட்டான் ரப்பர் என்று பெருமையாகச் சொல்வார்கள், கீட்டோனுக்கு அதுவும் ஆகாது. டெஃப்லான் உறை போட்ட ஓ-ரிங் கேளுங்கள். சின்ன சாமான், ஆனால் எனக்கு ஒரு மாதம் தூக்கம் கெடுத்தது.

கப்பைப் பிரிக்க எத்தனை ஸ்க்ரூ கழற்ற வேண்டும் என்றும் பாருங்கள். ஹார்டனர் மை போடுபவர்கள் தினமும் பிரிக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் திருகிக் கழற்றும் கப் நாளுக்குப் பத்து நிமிடம் மிச்சப்படுத்தும்.

ஏழாம் படி: மெஷினில் கப் எப்படி நகர்கிறது

சில மெஷினில் பிளேட் நிற்கும், கப் ஓடும். சிலவற்றில் கப் நிற்கும், பிளேட் ஓடும். இரண்டிலும் நல்லது உண்டு, இதில் பெரிதாகக் குழம்ப வேண்டாம். கப்பைப் பிடித்துத் தள்ளும் மெஷின் கையில் லேசான ஆட்டம் வேண்டும், கப் தானாகப் பிளேட்டில் படிய வேண்டும். ஆனால் அதன் புஷ் (உள்ளே இருக்கும் உலோக உருளை) தேய்ந்து அதிகமாக ஆடினால், திரும்பும் இடத்தில் கப் ஒரு பக்கம் தூக்கும், அங்கே மைக் கோடு விழும். பழைய மெஷின் வாங்குபவர்கள் இதைக் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும்.

நம் ஊருக்கென்று ஒரு கேள்வி: கரண்ட் போனால் கப் எங்கே நிற்கும்? படத்தின் மேல் நின்று, ஒரு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தால், எழுத்துக்குள் மை காய்ந்திருக்குமா? சப்ளையர் முன்னால் மெயின் சுவிட்சை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

வாங்கும் இடத்தில் சோதனை

கையோடு பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, தட்டையான கண்ணாடித் துண்டு ஒன்று, உங்கள் லெதரில் பத்து சாக்ஸ் கொண்டுபோங்கள். சப்ளையர் தரும் வழவழப்பான பிளாஸ்டிக் துண்டில் எல்லா மெஷினும் அழகாகத்தான் அடிக்கும்.

ரிங்கின் விளிம்பை நகத்தால் மெதுவாகத் தடவுங்கள், எங்கும் தட்டுப்படக் கூடாது. லென்ஸில் ஒரு சுற்றுப் பாருங்கள். கண்ணாடியில் கவிழ்த்து, பின்னால் வெளிச்சம் வைத்துப் பாருங்கள், இடைவெளியில் ஒளி கசியக் கூடாது. அப்புறம் மை ஊற்றி ஓட்டச் சொல்லுங்கள். வெறும் பிளேட்டில் மை இல்லாமல் ஓட்டிக் காட்டினால் உடனே நிறுத்துங்கள், உலர ஓட்டினால் ரிங்கும் கெடும் பிளேட்டும் கெடும். ஐம்பது அடிக்குப் பிறகு, கப் கடந்துபோன இடத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். படத்துக்கு வெளியே மை படலம் இருந்தால் ரிங், காந்தம், மை மூன்றில் ஒன்று சரியில்லை. முடிந்தால் மையோடு இரவு முழுக்கப் பிளேட்டில் வைத்துவிட்டு, காலையில் போய்க் கசிவு பாருங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளும் சப்ளையர் குறைவு, ஒத்துக்கொண்டால் அவர் சாமான் மேல் அவருக்கே நம்பிக்கை இருக்கிறது.

அடித்த சாக்ஸை உடனே டேப் ஒட்டிப் பிய்த்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஹார்டனர் மை முழுசாக இறுகச் சில நாள் ஆகும். வீட்டுக்கு எடுத்து வந்து, நாலைந்து நாள் கழித்து, ஈரத் துணியால் தேய்த்துப் பாருங்கள். வியர்வைப் பாதம் தினமும் அதைத்தான் செய்யப்போகிறது. சிலிக்கான் ஃபினிஷ் அல்லது மெழுகு ஃபினிஷ் லெதரில் மை ஒட்டாவிட்டால் அது கப்பின் குற்றம் இல்லை.

முதல் வாரம்

கப்பைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். மையில் தின்னர் 10 முதல் 20 சதவீதம் என்று டப்பாவில் போட்டிருக்கும். கத்திரி வெயிலில் அளவைக் கூட்டுவதற்குப் பதில் மெதுவாக உலரும் தின்னருக்கு மாறுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஹார்டனர் டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள், காற்றின் ஈரமே அதைக் கெடுத்துவிடும்.

பிளேட் மாட்டும் முன் ஹோல்டரைத் துடையுங்கள். மெல்லிய பிளேட்டுக்கு அடியில் ஒரு தூசி இருந்தாலும் மேலே மேடு தட்டும், ரிங் அந்த இடத்தைத் தேய்த்தே தீர்க்கும். ரிங்கைத் துடைக்கப் பனியன் வேஸ்ட் வேண்டாம். எல்லா வேலைக்கும் நாம் அதைத்தான் எடுப்போம், ஆனால் அதன் நூல் பிசிறு விளிம்பில் மாட்டி, கோடு கோடாக அடிக்கும். பிசிறு இல்லாத துணி வாங்குங்கள். துடைக்கும்போது விளிம்பின் குறுக்கே இழுக்காமல், விளிம்போடு சுற்றிப் போங்கள். இரும்பு நார், பிளேடு, கத்தி எதுவும் பக்கத்தில் வரக் கூடாது.

கழுவி முடித்த கப்பை விளிம்பு மேலே இருக்கும்படி மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். ஒவ்வொரு கப்பின் மேலும் பெயின்ட் பேனாவால் நம்பர் எழுதி, எந்த ரிங் எந்தத் தேதியில் மாட்டியது, எத்தனை அடி ஓடியது என்று அதே நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த ஸ்பேர் ரிங் எப்போது ஆர்டர் போட வேண்டும் என்று அந்தப் பக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.